வீராவில் 4ஜி63 டர்போ ஓவர்ஹால்: முதலில் எதை வாங்குவது?

கேள்வி இதுதான். கோலாலம்பூர் செந்தூல் பக்கம் இருக்கும் தம்பி ஒருவர், மிட்சுபிஷி எவோ 3 ஹாஃப்கட்டிலிருந்து (ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்) எடுத்த 4ஜி63 டர்போ இஞ்சினைத் தன் புரோட்டோன் வீரா காடியில் (காரில்) போட்டு ஓட்டுகிறார். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. கம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்ததில் 1, 2, 4 ஆம் சிலிண்டர் மூன்றும் 150 பிஎஸ்ஐ ஒட்டி, 3 மட்டும் 95. இஞ்சினை இறக்கி முழு ஓவர்ஹால் செய்து 300 குதிரைத்திறன் எடுக்க வேண்டும், தினமும் ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போவதும் அதே காடியில்தான். ஃபோர்ஜ்டு பிஸ்டன், எச்-பீம் ராடு, கொஞ்சம் பெரிய டர்போ எல்லாம் பார்த்து வைத்துவிட்டார். எதை முதலில் வாங்கலாம் என்று கேட்கிறார்.

இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள், தம்பி. பிஸ்டன் என்ன சைஸ் என்பதை போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) சொல்ல வேண்டும். பேரிங் என்ன சைஸ் என்பதை கிராங்க் சொல்ல வேண்டும். கேஸ்கட் எத்தனை தடிமன் என்பதை ஹெட்டும் பிளாக்கும் ஸ்கிம் (முகத்தை மெல்லச் சீவிச் சமப்படுத்துவது) ஆன பிறகுதான் சொல்ல முடியும். முன்கூட்டியே 85.5 மி.மீ. பிஸ்டன் வாங்கி வைத்து, பிறகு மெஷின் ஷாப்பில் “கீறல் ஆழம், 86 போனால்தான் சுத்தமாகும்” என்று சொன்னால் அந்தப் பெட்டியைப் பாதி விலைக்கு விற்க வேண்டியதுதான். கழற்று, கழுவு, அள, அதற்குப் பிறகு வாங்கு. இந்த வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும்.

கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு வேலை. 3 ஆம் சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஆயில் ஊற்றி, கம்பிரஷனை மறுபடி பாருங்கள். 95 என்பது 130, 140 என்று ஏறினால் ரிங் அல்லது போர். ஏறவே இல்லை என்றால் வால்வு, இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கட். லீக்டவுன் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. காற்றை உள்ளே அழுத்தி, எங்கே சீறுகிறது என்று காது கொடுங்கள். த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, டிப்ஸ்டிக் குழாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். 4ஜி63-இல் ஒரு சிலிண்டர் மட்டும் இப்படித் தனியாக விழுந்தால், நாக்கிங்கில் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங் பள்ளங்களுக்கு இடையிலுள்ள விளிம்பு) உடைந்திருக்கும் என்பதே என் முதல் சந்தேகம். அப்படியென்றால் பிஸ்டனை மாற்றுவது மட்டும் மருந்தாகாது. நாக்கிங் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் மாட்டினால் புது பிஸ்டனும் அதே வழியில்தான் போகும். அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைத்திருக்கிறதா என்று தனியாக ஃப்ளோ டெஸ்ட் செய்யக் கொடுங்கள்.

இனி இலக்கு. எவோ 3-இன் இஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 270 பிஎஸ், கம்பிரஷன் 9.0:1. அதன் 16ஜி டர்போவே நல்ல நிலையில் இருந்தால் 1.2 பார் பூஸ்டில் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) 300-ஐ எட்டிவிடும். பெரிய டர்போ தேவையில்லை. ஃபெடரல் ஹைவே நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிறவருக்கு 4,500 ஆர்பிஎம்முக்கு மேல் விழித்துக்கொள்ளும் டர்போ எதற்கு? இந்த இலக்கிற்கு ஒரிஜினல் கனெக்டிங் ராடே போதும். விரிசல் பார்த்து, புது ராடு போல்ட் போட்டு, பெரிய கண்ணின் வட்டத்தைச் சரிபார்த்தால் அது தாங்கும். எச்-பீம் ராடு தப்பு என்று சொல்லவில்லை. பின்னால் 400-க்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் இப்போதே போட்டுவிடலாம், இஞ்சினை இரண்டு முறை இறக்குவதைவிட மலிவு. ஆனால் ராடுக்குக் காசு கொடுத்துவிட்டு டியூனிங்குக்கு (பெட்ரோல், இக்னிஷன் அளவுகளைச் சரிசெய்வது) காசை இறுக்கிப் பிடிக்கிறவர்களே அதிகம். என்னைக் கேட்டால், கையில் 10 வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் 3 வெள்ளி மெஷின் ஷாப்புக்கு, 2 வெள்ளி டியூனருக்கு என்று முதலில் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில்தான் பார்ட்ஸ்.

பிஸ்டன் மட்டும் இங்கே விதிவிலக்கு. போர் எப்படியும் ஓவர்சைஸ் ஆகப் போகிறது, புது பிஸ்டன் வாங்கியே ஆக வேண்டும், ஆகவே ஃபோர்ஜ்டு எடுப்பது நியாயம். அதில் இரண்டு உலோகம் உண்டு. 4032 என்பது சிலிக்கன் அதிகமுள்ள அலுமினியம், சூட்டில் குறைவாக விரியும், அதனால் இறுக்கமான இடைவெளியில் ஓடும், சத்தம் இராது. 2618-இல் சிலிக்கன் மிகக் குறைவு, அதிகம் விரியும், அதனால் போருக்கும் பிஸ்டனுக்கும் 0.09 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட வேண்டும். காலையில் கொஞ்ச நேரம் டக் டக் என்று தட்டும். ஆனால் நாக்கிங் வந்தால் 4032 உடைகிற இடத்தில் 2618 நசுங்கித் தாக்குப்பிடிக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் இந்தத் தட்டலைப் பற்றிப் பெரிதாக எழுதுவார்கள். கோலாலம்பூரில் விடியற்காலையிலும் குளிர் என்று ஒன்று கிடையாது, சில நிமிடத்தில் சத்தம் அடங்கிவிடும். டர்போ இஞ்சினுக்கு, அதுவும் பெட்ரோல் தரத்தை நம்பி ஓடுகிற இஞ்சினுக்கு, 2618 என்பது என் தேர்வு.

கம்பிரஷன் ரேஷியோ 8.5 அல்லது 8.8 போதும். 9.0-க்கு மேல் ஏற்றாதீர்கள். மத்தியான வெயிலில் 33 டிகிரி, நெரிசலில் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) காற்றில்லாமல் கொதிக்கும், ரோன் 97 பெட்ரோல் ஊற்றினாலும் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ள வேண்டி வரும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 85.5 மி.மீ. போர், 88 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் ஒரு சிலிண்டருக்கு 505 சிசி. 8.5:1 வேண்டுமானால் மேலே மிஞ்சும் மொத்த இடம் 505-ஐ 7.5-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 67.4 சிசி. பிஸ்டன் பள்ளம், கேஸ்கட், ஹெட்டின் குழி எல்லாம் சேர்ந்தது இது. பிளாக் முகத்தில் 0.2 மி.மீ. ஸ்கிம் செய்தால் அதில் 1.15 சிசி காணாமல் போகும், ரேஷியோ 8.6 தாண்டிவிடும். ஹெட், பிளாக் இரண்டிலும் சேர்த்து 0.2 மி.மீ.க்கு மேல் எடுக்கக் கூடாது என்பது மிட்சுபிஷி வைத்த எல்லை. ஹாஃப்கட் இஞ்சின் ஜப்பானில் ஏற்கெனவே ஒருமுறை ஸ்கிம் ஆகி வந்திருக்கலாம், ஆகவே ஹெட்டின் உயரத்தை முதலில் அளக்கச் சொல்லுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது “4ஜி63” என்று மட்டும் சொன்னால் தவறான பொருள் வரும். ஃப்ளைவீலைப் பிடிக்கும் போல்ட் 6 உள்ள பழைய கிராங்க், 7 உள்ள புது கிராங்க் என்று இரண்டு வகை. ராடும் பேரிங்கும் வேறு வேறு. எவோ 3-இல் இருப்பது 7 போல்ட். ஆனால் வீராவுக்குள் வந்த பல இஞ்சின்கள் கலவைச் சாதம், ஹெட் ஒன்று பிளாக் ஒன்று. எண்ணிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். பிஸ்டன் பின்னிலும் 21, 22 மி.மீ. இரண்டும் புழக்கத்தில் உண்டு. பேரிங், கேஸ்கட், ஸ்பார்க் பிளக் மூன்றிலும் போலிச் சரக்கு நிறைய ஓடுகிறது. பெட்டி பளபளவென்று இருந்து விலை பாதியாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மெஷின் ஷாப்பில் சொல்ல வேண்டியவை. கெப்போங், சிகாம்புட் பக்கம் ரீபோர் கடைகள் பல உண்டு. டார்க் பிளேட் வைத்து ஹோனிங் (போர் சுவரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) செய்கிறார்களா என்று மட்டும் முதலில் கேளுங்கள். ஹெட் போல்ட் இறுகும்போது பிளாக் கொஞ்சம் நெளியும். நெளிந்த நிலையிலேயே போரை வட்டமாக்க, ஹெட்டுக்குப் பதில் ஒரு தடித்த இரும்புத் தட்டை இறுக்கி வைத்து ஹோன் செய்வது அந்த முறை. அது இல்லாத கடை என்றால் தெருவுக்கு ஓடும் சாதாரணக் காடிக்குச் சரி, 1.2 பார் பூஸ்டுக்கு வேறு கடை பாருங்கள். நான்கு பிஸ்டனையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு போரையும் அதனதன் பிஸ்டனுக்கு ஏற்றபடி முடிக்கச் சொல்ல வேண்டும். பிஸ்டனை எங்கே அளப்பது என்பது பெட்டிக்குள் வரும் தாளில் இருக்கும். பின்னுக்குச் செங்குத்தாக, ஸ்கர்ட்டின் கீழ்ப்பக்கம் குறித்த உயரத்தில் அளக்க வேண்டும். வேறிடத்தில் அளந்தால் இடைவெளிக் கணக்கே பொய்.

போர் மேலிருந்து கீழ்வரை 0.01 மி.மீ.க்குள் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிளாக் முகமும் ஹெட் முகமும் நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்தால் 0.05-க்குள் நிற்க வேண்டும். எஃகு அடுக்கு கேஸ்கட் போடுவதாக இருந்தால் முகம் கண்ணாடிபோல மென்மையாக வர வேண்டும். தடவினால் வரி வரியாகக் கையில் தட்டுப்படும் பரப்பில் அந்த கேஸ்கட் ஒழுகும். கிராங்கைக் காந்த முறையில் விரிசல் பார்த்து, பாலிஷ் மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஆயில் துளைகளில் உள்ள அடைப்பான்களைக் கழற்றிக் கழுவ வேண்டும். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சும் ஜெட்டுகளை ரீபோருக்கு முன்பே கழற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஹோனிங் மண் அதற்குள் போய் உட்காரும்.

மண் என்றேன், அங்கேதான் பாதி இஞ்சின் சாகிறது. மெஷின் ஷாப்பிலிருந்து வரும் பிளாக் சுத்தமாகத்தான் தெரியும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் ஹோனிங் தூளைப் போரின் வரிகளுக்குள்ளிருந்து எடுக்காது, எண்ணெயைத்தான் கரைக்கும். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ். நுரை சாம்பல் நிறம் போகும்வரை தேயுங்கள். ஆயில் பாதைகளுக்குள் நீளமான குழாய் பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றால் ஊதுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் ஏடிஎஃப் (ஆட்டோ கியர் ஆயில்) தொட்டுப் போரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். சாம்பல் படிந்தால் மறுபடியும் சோப்பு. துடைத்த உடனே எண்ணெய் தடவுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் இரும்பு சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும், மழை நாள் என்றால் அதற்கும் முன்பே.

இதோடு சேர்ந்த இன்னொன்று, பலர் மறப்பது: ஆயில் கூலர். பழைய பேரிங் தேய்ந்த உலோகத்தூள் கூலரின் மெல்லிய மடிப்புகளுக்குள் தங்கிவிடும், எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது. ஓவர்ஹால் முடிந்து 500 கி.மீ.யில் பேரிங் போயிற்று என்று வரும் காடிகளில் பல இதனால்தான். புதுக் கூலர் போடுங்கள். டர்போ ஏற்கெனவே ஆயில் கக்கியிருந்தால் இன்டர்கூலரையும் கழற்றிக் கழுவுங்கள்.

அளவுகளுக்கு வருகிறேன். மெயின் பேரிங்கும் ராடு பேரிங்கும் மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வைத்து அளக்க வேண்டியவை. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் மெழுகு நூல்) கடைசியில் ஒரு உறுதிக்கு மட்டும். ஜர்னலின் (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) ஒவ்வொரு 25 மி.மீ. விட்டத்துக்கும் 0.025 மி.மீ. இடைவெளி என்ற பழைய கணக்கு இங்கும் சரிவரும். 57 மி.மீ. மெயினுக்கு 0.05 முதல் 0.057, 45 மி.மீ. ராடுக்கு 0.045 சுற்றி. 0.03-க்குக் கீழே போனால் சூட்டில் பிடிக்கும், 0.07-ஐத் தாண்டினால் சூடான ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் விளக்கு கண் சிமிட்டும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கலாம். 7 போல்ட் கிராங்கில் இந்த எண்ணை எழுதி வையுங்கள், திரஸ்ட் பேரிங் தேய்ந்து கிராங்க் நகர்வது அந்த வகைக்குப் பேர் போன நோய். அளவுக்கு மீறி முரட்டு கிளட்ச் போடுவதும், கிளட்சை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்வதும் அதைச் சீக்கிரம் வரவழைக்கும்.

ரிங் கேப், அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி. கம்பெனி புத்தகம் முதல் ரிங்குக்கு 0.25 முதல் 0.35 என்று சொல்லும். 1.2 பார் பூஸ்டில் அது போதாது. ரிங் சூடேறி நீண்டு, இரு முனைகளும் முட்டிக்கொண்டால் போரைக் கிழிக்கும், அல்லது ரிங் லேண்டைத் தூக்கிவிடும். போர் அளவை 0.005-ஆல் பெருக்குங்கள், 85.5-க்கு 0.43 மி.மீ. இரண்டாம் ரிங்குக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, 0.48 வரை. பிஸ்டனோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் சரி. ரிங்கைப் போருக்குள் 25 மி.மீ. ஆழத்திற்குப் பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளினால் நேராக உட்காரும், அப்போது அளக்க வேண்டும். அரம் ஒரு முனையில் மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி. எழுத்துள்ள பக்கம் மேலே. அந்தந்தப் போருக்கு அளந்த ரிங் அந்தந்தப் போருக்கே. ஒரு பழைய முட்டை அட்டையில் எண் போட்டு வைத்தால் குழப்பமில்லை.

பூட்டும் வரிசையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெயின் பேரிங் இறுக்கியதும் கிராங்க் ஒரு விரல் பலத்தில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு பிஸ்டன் இறங்கியதும் மறுபடி சுற்றிப் பாருங்கள், எந்தப் பிஸ்டனுக்குப் பிறகு கனத்ததோ குற்றவாளி அங்கேதான். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு டைமிங் பெல்ட் பக்கம். ஆயில் ஜெட்டைத் திரும்பப் பூட்டிய பிறகு ஸ்கர்ட்டோ ராடோ அதைத் தொடுகிறதா என்று ஒரு முழுச் சுற்று கண்ணால் பாருங்கள். வேறு கம்பெனி ராடு போட்டிருந்தால் இது கட்டாயம். ஆயில் பம்பைக் காயாக மாட்டாதீர்கள். பற்களுக்கிடையில் வாசலின் அடைத்து மாட்டினால் முதல் சுற்றிலேயே ஆயிலை உறிஞ்சும். ஆயில் பானுக்கு சிலிகான் 4 மி.மீ. தடிமனில் ஒரே கோடு. பலகாரத்துக்கு மாவு அப்புவதுபோல அப்பினால், உள்ளே பிதுங்கிய சிலிகான் ஒருநாள் பிய்ந்து போய் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும்.

ஹெட் போல்ட் ஒரிஜினல் என்றால் முதலில் தண்டின் நீளத்தைப் பாருங்கள். 99.4 மி.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் குப்பைக்கு. ஆங்கிள் முறையில் இறுக்கும் 7 போல்ட் இஞ்சினில் நடுவிலிருந்து வெளிநோக்கி 78 நியூட்டன் மீட்டர் இறுக்கி, முழுவதும் தளர்த்தி, மறுபடி 20, பிறகு 90 டிகிரி, இன்னும் ஒரு 90 டிகிரி. அந்தக் கடைசித் திருப்பலில் போல்ட் இழுபட்டு நீளுகிறது, அதுதான் பிடிமானம். பயந்து பாதியில் நிறுத்தினால் பூஸ்டில் ஹெட் தூக்கும். ஸ்டட் வகை போட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அதனுடன் வரும் மசகையே தடவி, அதன் தாளிலுள்ள எண்ணுக்கே இறுக்க வேண்டும். இஞ்சின் ஆயில் தடவி அதே எண்ணுக்கு இறுக்கினால் உண்மையான பிடி குறைவாகவே இருக்கும். பிளாக்கின் போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கக் கூடாது. இறுக்கும்போது திரவம் நெருக்கி பிளாக்கையே வெடிக்க வைக்கும்.

ஹெட்டில் வால்வு கைடு, சீல், சீட்டு மூன்றும் புதுப்பிக்க வேண்டியவைதான், ஆனால் உங்கள் நீலப் புகை காலையில் மட்டும் வருகிறது என்பதால் சீலை நிச்சயம் மாற்றுங்கள். ராத்திரி முழுக்கக் கைடு வழியாக இறங்கிய ஆயில்தான் காலையில் எரிகிறது. ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர்களை (வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்பவை) டீசலில் மூழ்கவைத்து, நடுத் துளையில் மெல்லிய கம்பியால் பந்தை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டினால் டிக் டிக் சத்தம் போகும்.

டைமிங் பெல்ட்தான் 4ஜி63-இல் கை நடுங்க வைக்கும் இடம். இரண்டு கேம் புல்லி, கிராங்க், ஆயில் பம்ப் புல்லி, நான்கின் அடையாளமும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஆயில் பம்ப் புல்லி பேலன்சர் தண்டையும் (அதிர்வைக் குறைக்கும் தண்டு) சேர்த்துச் சுற்றுவதால், அடையாளம் சேர்ந்ததுபோலத் தெரிந்தும் தண்டு அரைச் சுற்று தவறி நிற்கலாம். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு அடைப்பான் போல்ட் இருக்கும். அதைக் கழற்றி 8 மி.மீ. தடிமன் ஸ்க்ரூடிரைவரை விடுங்கள். 60 மி.மீ. உள்ளே போனால் சரி. 20, 25 மி.மீ.யிலேயே முட்டினால் பம்ப் புல்லியை ஒரு முழுச் சுற்று சுற்றி அடையாளத்தை மறுபடி சேருங்கள். பெல்ட் ஏறும்வரை ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். இதைத் தவறவிட்ட இஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் ஸ்டீயரிங் கையில் நிற்காத அளவுக்கு அதிரும். போர்மேன் (மெக்கானிக்) இஞ்சின் மவுண்டிங் மாற்றச் சொல்வார், மாற்றியும் அதிரும்.

பெல்ட் போட்டதும் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, 15 நிமிடம் விட்டுவிட்டு, ஆட்டோ டென்ஷனரின் கம்பி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். 3.8 முதல் 4.5 மி.மீ. இருக்க வேண்டும். டென்ஷனரை வைஸில் அமுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் அது செத்தது. பெல்ட், பேரிங், டென்ஷனர், சின்ன பேலன்சர் பெல்ட் எல்லாம் புதுசாகவே போடுங்கள். அந்தச் சின்ன பெல்ட் அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் மாட்டினால் பதினாறு வால்வும் வளையும்.

பேலன்சரையே எடுத்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எடுத்தால் ஒரு பெல்ட் கவலை குறையும், அதிர்வு கூடும். தினசரி ஓட்டுக்கு நான் எடுக்கச் சொல்லமாட்டேன், பேலன்சர் பேரிங் தேய்ந்திருந்தால் தவிர. எடுப்பதானால் அதன் பேரிங்கைத் திருப்பி அடித்து ஆயில் துளையை மூட மறக்கக் கூடாது. மூடாவிட்டால் ஆயில் பிரஷர் அந்த வழியாகக் கொட்டிவிடும்.

டர்போவில் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், சுவரில் உரசக் கூடாது. முன்பின் ஆட்டம் கையில் உணரும்படி இருந்தால் திரஸ்ட் போய்விட்டது, ரீபில்ட் செய்து பேலன்ஸ் போடக் கொடுங்கள். ஆயில் வரும் பைப்பைக் கழுவ முயலாமல் புதுசு வாங்குங்கள். ஆயில் திரும்பும் பைப் எங்கும் மடங்காமல் சரிவாக இறங்க வேண்டும். அது ஓரிடத்தில் தேங்கினால் நல்ல டர்போவும் புகைக்கும், டர்போ கெட்டது என்று காசு பறிபோகும். ஆயில் இணைப்புகளில் சிலிகான் வேண்டவே வேண்டாம். பிசிவி வால்வை (கிராங்க் கேஸின் ஆவியை இன்டேக்குக்கு விடும் ஒருவழி வால்வு) ஊதிப் பாருங்கள், இரண்டு பக்கமும் காற்று போனால் பூஸ்ட் நேராக கிராங்க் கேஸுக்குள் போய் சீல்களைத் தள்ளும்.

இன்ஜெக்டர் கணக்கு. 300 குதிரைத்திறனுக்கு டர்போ இஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 82 கிலோ பெட்ரோல் குடிக்கும், அதாவது 110 லிட்டர். நான்காகப் பிரித்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 460 சிசி. இன்ஜெக்டரை 80 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதால் 575 சிசி தேவை. எவோ 3-இன் 510 போதாது, 650 எடுங்கள். பழையவை குறைந்த ரெசிஸ்டன்ஸ் உள்ளவை, அவற்றுக்காக ஒரு ரெசிஸ்டர் பெட்டி வயரிங்கில் இருக்கும். புதியவை அதிக ரெசிஸ்டன்ஸ் என்றால் அந்தப் பெட்டியை விலக்கி நேராக இணைக்க வேண்டும். மணிக்கு 255 லிட்டர் பம்ப் தாராளம், ஆனால் வீராவின் பழைய மெல்லிய வயரில் ஓட்டாதீர்கள். ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள், வோல்ட் குறைந்தால் பம்பும் குறைவாகவே தள்ளும். ஸ்பார்க் பிளக் 7 ஆம் எண் வெப்பத் தரம், இடைவெளி 0.7 மி.மீ.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அது இல்லாவிட்டால் காராக் நெடுஞ்சாலையில் இஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது, ஈசியூ (இஞ்சின் கணினி) கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், அது ஆயிலில் கலந்து நீங்கள் கஷ்டப்பட்டு அளந்த பேரிங்கைத் தின்னும். புது தெர்மோஸ்டாட், நல்ல ஃபேன், கூலன்ட். குழாய்த் தண்ணீர் இரும்பு பிளாக்கைத் துருவேற்றும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஈசியூவில் 650 இன்ஜெக்டருக்கான அடிப்படை மேப் ஏறியிருக்க வேண்டும். பழைய மேப்பிலேயே முடுக்கினால் அதிகப்படி பெட்ரோல் போர் சுவரைக் கழுவிவிடும், ரிங் உட்காரவே உட்காராது. பிளக்கைக் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை பத்து பத்து வினாடியாக கிராங்க் செய்யுங்கள். ஆயில் சாதாரண மினரல் 15டபிள்யூ-40, சிந்தெடிக் இப்போது வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் ஒழுகல், சத்தம், பிரஷர் மூன்றையும் பாருங்கள். இதில் ரோலர் ராக்கர் என்பதால் 20 நிமிடம் 2,000 ஆர்பிஎம்மில் நிறுத்தி வைக்கும் பழைய சடங்கு தேவையில்லை. ஐட்லிங்கில் விட்டு வேடிக்கை பார்ப்பதுதான் கெடுதல். சூடேறியதும் சாலைக்குக் கொண்டு போங்கள். வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) ஸ்பிரிங் அளவுக்கு மேல் பூஸ்ட் இல்லாமல், மூன்றாம் கியரில் 2,500-லிருந்து 5,000 வரை பாதி த்ராட்டிலில் இழுத்து, காலை எடுத்து இஞ்சின் பிரேக்கிலேயே இறங்க விடுங்கள். பத்துப் பதினைந்து முறை. இழுக்கும்போது எரிவாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு தள்ளி உட்கார வைக்கிறது, இறங்கும்போது உருவாகும் வெற்றிடம் தூளை மேலே இழுத்துக் கழுவுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல், நெரிசல் இல்லாத சமதளச் சாலை நல்லது. கெந்திங் ஏற்றம் இந்த வாரம் வேண்டாம்.

50 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பூச்சு இயல்பு. காந்தத்தில் ஒட்டும் இரும்புச் செதிலோ, நகத்தில் சுரண்டினால் மென்மையாக வரும் வெள்ளி நிறப் பேரிங் துகளோ தெரிந்தால் காடியை அங்கேயே நிறுத்துங்கள். 500 கி.மீ.யில் மறுபடி மாற்றி, கம்பிரஷன் பாருங்கள். நான்குக்குமிடையே 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 1,000 தாண்டிய பிறகு 10டபிள்யூ-40 சிந்தெடிக்.

அதற்குப் பிறகுதான் டைனோ (காடியை உருளையில் ஓட்டித் திறன் அளக்கும் கருவி). ரோன் 97 ஊற்றியே டியூன் செய்யச் சொல்லுங்கள், பிறகு அவசரத்துக்கு 95 அடித்துவிட்டு அதே பூஸ்டில் மிதிக்காதீர்கள். முழு த்ராட்டிலில் காற்று எரிபொருள் விகிதம் 11.5 ஒட்டி நிற்கட்டும். டைனோவில் பானட் திறந்து பெரிய ஃபேன் ஓடும், சாலையில் அப்படி இல்லை. ஆகவே நாக் வரும் எல்லைக்கு இரண்டு டிகிரி பின்னாலேயே இக்னிஷனை நிறுத்தச் சொல்லுங்கள், பத்து குதிரை போனால் போகட்டும். இஞ்சின் எண்ணை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) மாற்றி கிரானில் (காடியின் பதிவுப் பத்திரம்) ஏற்றும் வேலை இன்னும் முடியவில்லை என்றால், பட்டறையில் இஞ்சின் கீழே இறங்கியிருக்கும் இந்த நாட்களிலேயே பிளாக்கில் அடித்த எண்ணைத் துடைத்துப் படம் எடுத்து, ஹாஃப்கட் கடையின் ரசீதும் சுங்கப் பத்திரமும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மேலே ஏற்றிய பிறகு அந்த எண்ணை எட்டிப் பார்க்கக் கழுத்து வலிக்கும்.